மீண்டனவா, மீட்டோமா?

கணிதமும் தமிழும் ஒரே ஆசிரியரின் தலையில் விழுவது எங்களைப் போன்ற கிராமத்துப் பாடசாலைகளில் புதினமான விடயமல்ல. ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றது கணிதம். ஆளில்லாத குறைக்குத் தமிழும் படிப்பிக்கிறேன். இக்கட்டுரை பிறந்ததற்கு அந்த இரட்டைச் சுமையே காரணம்.

ஒன்பதாம் தரத்தில் சதவீதம் நடந்துகொண்டிருந்தது. இலாப நட்டக் கணக்கும் கழிவு விலைக் கணக்கும் எனக்கே அலுத்துப்போன ஒரு நாளில், கரும்பலகையில் வேறொரு கணக்கை எழுதினேன். பிரேசில் கரையோரத்தில் குட்டி ஈன்று, பின் இரைதேடித் தெற்கே தென் ஜோர்ஜியாத் தீவுப் பக்கம் போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், வேட்டை தொடங்குமுன் ஏறத்தாழ 27,000 இருந்தன. 1950களின் நடுப்பகுதியில் அவை 450 ஆகிவிட்டன. 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி இப்போது ஏறத்தாழ 25,000. ஆரம்பத் தொகையில் எத்தனை சதவீதம் மீண்டுள்ளது?

பிள்ளைகள் செய்து முடித்தார்கள். 92.6. பின்வரிசைப் பையன் ஒருவன், வாப்பாவோடு கடலுக்குப் போய்வருகிறவன், எழும்பிச் சொன்னான்:

"அப்ப சேர், களவெடுத்த சாமானத் திருப்பிக் குடுத்த மாதிரித்தானே? இன்னும் ஏழு சொச்சந்தான் பாக்கி."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன் முன்வரிசையிலிருந்து ஒரு மகள் கேட்டாள்: "ஆரு சேர் திருப்பிக் குடுத்த?"

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமல் தப்பினேன். ஆனால் முந்திய வாரம் இதே வகுப்புக்குத்தான் தன்வினை, பிறவினை படிப்பித்திருந்தேன். மீண்டான் என்பது தன்வினை, மீட்டான் என்பது பிறவினை. "திமிங்கிலங்கள் மீண்டன" என்று எழுதலாம். "திமிங்கிலங்களை மீட்டோம்" என்று எழுதலாமா? எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். மனிதன் தன் தவறைத் திருத்திக்கொண்டான் என்பதற்கு இதை ஒரு நற்சான்றிதழாகவே பலர் தூக்கிக் காட்டுகிறார்கள். ஓர் எழுத்து மாற்றத்தில் இவ்வளவு பெரிய நன்மையை நம் பேரில் எழுதிக்கொள்ளலாமா என்பதுதான் என்னை அலைக்கழித்த கேள்வி.

தென் ஜோர்ஜியாவில் திமிங்கில வேட்டையின் கதை 1904இல் தொடங்குகிறது. கார்ல் அன்டன் லார்சன் எனும் நோர்வேக்காரர் கிரிட்விக்கன் எனும் இடத்தில் வேட்டை நிலையம் அமைத்தார். அப்பெயருக்குப் பானைக்குடா என்று பொருள். முன்னர் கடல்நாய்களைக் கொன்று கொழுப்புருக்கியவர்கள் விட்டுச்சென்ற பானைகள் அங்கே கிடந்தனவாம். வேட்டைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. கடல்நாய் முடிந்த பானையில் திமிங்கிலம் வெந்தது. முதலில் அகப்பட்டவை கரையோரம் வந்த கூன்முதுகுகள். 1910-11 பருவம் ஒன்றில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அவை குறைந்ததும் நீலத் திமிங்கிலம், அதன்பின் துடுப்புத் திமிங்கிலம், அதன்பின் சேய்த் திமிங்கிலம் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கினார்கள். 1965 வரை அந்த ஒரு தீவில் மட்டும் கரைசேர்த்த திமிங்கிலங்கள் 175,250.

1925இல் பின்பக்கம் சறுக்குத்தளம் வைத்த ஆலைக் கப்பல் வந்தபின் கரையும் தேவைப்படவில்லை. நடுக்கடலிலேயே திமிங்கிலத்தை மேலே இழுத்து அறுத்து உருக்கலாம். 1930-31 பருவத்தில் அந்தாட்டிக் கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. உலகம் முழுதுக்குமான இருபதாம் நூற்றாண்டுத் தொகை ஏறத்தாழ 29 இலட்சம். அந்த எண்ணெய் மாஜரினாயிற்று, சவர்க்காரமாயிற்று. முதலாம் உலக யுத்தத்தில் அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்தும் செய்தார்கள்.

கணித வாத்தியார் என்ற முறையில் என்னை இவற்றைவிட அதிகம் நோகச் செய்தது ஓர் அலகு. நீலத் திமிங்கில அலகு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நீலத் திமிங்கிலத்துக்கு இரண்டு துடுப்புத் திமிங்கிலம் சமன், இரண்டரைக் கூன்முதுகு சமன், ஆறு சேய்த் திமிங்கிலம் சமன். கிடைக்கும் எண்ணெயை வைத்துப் போட்ட சமன்பாடு இது. 1946இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின் வழியே உருவான சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழுவும் இந்த அலகிலேயே கணக்குப் பார்த்தது. அந்தாட்டிக்குக்கு ஒரு பருவத்துக்கு 16,000 அலகு. எந்த இனத்தில் எத்தனை என்ற வரையறை கிடையாது. ஒரே சூட்டில் முழு அலகு கிடைக்கும்போது யார் ஆறு சேய்களைத் துரத்துவான்? குறைந்துபோன நீலத் திமிங்கிலத்தையே தேடித்தேடி அடித்தார்கள். அரைக் கூன்முதுகு எந்தக் கடலில் நீந்துகிறது என்று அந்தக் கூட்டங்களில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். காகிதத்தில் நீந்தியது. 1972 வரை அந்த அலகு உயிரோடிருந்தது.

நிறுத்திய கதைக்கு வருவோம். அந்தாட்டிக்கின் நீலத் திமிங்கிலங்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 239,000 என்பது மதிப்பீடு. அவற்றுக்கு 1966இல் முழுப் பாதுகாப்பு அளித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 360. பிரித்தானியா 1963இலும் நோர்வே 1968இலும் அந்தக் கடலைவிட்டு வெளியேறின. மனம் மாறி அல்ல. கப்பல் ஓட்டும் செலவுக்குக்கூடத் திமிங்கிலம் அகப்படவில்லை. பானை காலியான பின் "எனக்குப் பசியில்லை" என்று கை கழுவியவனை நோன்பாளி என்பதா?

நண்பரான சக ஆசிரியர் ஒருவர் இந்த இடத்தில் என்னை மறித்தார். "நீங்க மிச்சம் கடும். நிறுத்தினதே பெரிய காரியமில்லையா? நம்மட ஊர்ல நிறுத்தச் சொன்னா ஆர் நிறுத்துறான்?" அவர் சொல்வதில் பாதி நியாயமுண்டு. 1982இல் அதே ஆணைக்குழு வர்த்தக வேட்டையை முற்றாக நிறுத்தத் தீர்மானித்தபோது நிலைமை வேறு. அந்தாட்டிக்கில் சிறிய மிங்கேத் திமிங்கிலங்கள் தாராளமாக இருந்தன. வாங்கச் சந்தையும் இருந்தது. யப்பானும் நோர்வேயும் சோவியத் ஒன்றியமும் வேண்டாமென்றன. 25 நாடுகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் வாக்களித்தன, 5 நாடுகள் விலகி நின்றன. அகப்படக்கூடியதை வேண்டாமென்று விடுவது ஒரு தெரிவு. 1966இன் நிறுத்தத்தையும் 1982இன் நிறுத்தத்தையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்று நண்பரிடம் ஒப்புக்கொண்டேன். அத்தெரிவும் எல்லோருடையதுமல்ல. நோர்வே எதிர்ப்பைப் பதிந்துவிட்டு 1993இல் மீண்டும் வர்த்தக வேட்டையைத் தொடங்கியது. யப்பான் 2019இல் ஆணைக்குழுவைவிட்டே வெளியேறித் தன் கடலில் தொடங்கியது.

ஆயினும் அந்த நல்ல தெரிவுக்குக்கூட "மீட்டோம்" என்ற சொல் பொருந்துமா? எங்கள் பகுதி இணக்கசபையில் ஒரு வழக்கு வந்தது. ஒருவரின் ஆடுகள் அடுத்தவரின் கத்தரித் தோட்டத்தைத் தின்றுவிட்டன. ஆட்டுக்காரர் சொன்னார், "இப்ப ஆட்டைக் கட்டித்தானே வச்சிருக்கன்". தோட்டக்காரர் ஒன்றும் பேசாமல் தன் கையைக் காட்டினார். மறுபடி கொத்தி, கன்று வைத்து, தண்ணீர் அள்ளி ஊற்றிய கை. கடலிலும் உழைத்தவை திமிங்கிலங்களே. ஒரு கூன்முதுகுத் தாய் பதினொரு மாதத்துக்கு மேல் சுமந்து ஒரேயொரு குட்டி ஈனும். அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடம் செல்லும். 450இலிருந்து 25,000க்கு வந்தது அப்படி ஒவ்வொன்றாக வந்த கணக்கு. நாம் ஆட்டைக் கட்டினோம். கன்று வைத்தது நாமல்ல.

இனி, பொய்க் கணக்கு. சோவியத் கப்பல்கள் 1948 முதல் 1973 வரை பிடித்ததை மறைத்தன. தென் அரைக்கோளத்தில் கொன்ற கூன்முதுகுகள் 48,000க்கு மேல். அறிக்கையில் காட்டியது 2,710. 1959க்கும் 1961க்கும் இடைப்பட்ட இரண்டே பருவங்களில் ஏறத்தாழ 25,000. அவ்வளவையும் பயன்படுத்தினார்களா என்றால் அதுவுமில்லை. திட்டத்தில் எழுதிய இலக்கை எட்டவேண்டும், மிஞ்சினால் பரிசு. உடல்கள் பாதியில் வீசப்பட்டன. கையில் இருந்த புள்ளிவிபரப்படி தேறியிருக்கவேண்டிய கூன்முதுகுகள் ஏன் திடீரெனக் காணாமற் போயின என்று மற்ற நாட்டு விஞ்ஞானிகள் குழம்பினார்கள். 1993இல் அலெக்சி யாப்லொகொவ் எனும் ரஷ்ய விஞ்ஞானி பகிரங்கமாகச் சொன்ன பின்னரே விடை கிடைத்தது. அக்கப்பல்களில் வேலைசெய்த உயிரியலாளர்கள் சிலர் உண்மைத் தாள்களை அழிக்காமல் காத்திருந்தார்கள். டிமித்ரி டோர்மொசோவ் என்பவர் அவற்றைத் தன் உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்து வைத்திருந்தார்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆசிரியனான புதிதில் ஒரு வருடம், மேற்பார்வைக்கு ஆள் வரப்போகிறது, வரவு குறைவாக இருக்கக்கூடாது என்று ஒரு சொல் வந்தது. யார் சொன்னார் என்பது இங்கு வேண்டாம். கோடு போட்டது என் கை. மூன்று மாதமாக வராத ஒரு பையன் என் இடாப்பில் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தான். வந்துகொண்டிருக்கிறவனைத் தேடி யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தவணை முடிந்து நான் போனபோது அவன் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டு வெட்கப்பட்டான். வெட்கப்படவேண்டியவன் அவனல்ல. அவன் திரும்பவும் பாடசாலைக்கு வரவில்லை. பொய் எண் பொய்யாக மட்டும் இருப்பதில்லை. பாதுகாக்க வரவேண்டிய கையை வராமல் தடுக்கிறது. நிலவறையில் தாள் ஒளித்தவரால் ஒரு திமிங்கிலமாவது அன்று தப்பியதா என்றால் இல்லை. ஆனாலும் அந்த ஆட்களின் முன்னால் என் இடாப்பை நீட்ட எனக்கு முகமில்லை.

சோவியத் கப்பல்கள் நம் பக்கமும் வந்தன. 1960களின் நடுப்பகுதியில் இந்து சமுத்திரத்தின் வடபாகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். 1966 நவம்பரில் அரபிக் கடலில் 242 கூன்முதுகுகள். இந்த அரபிக் கடல் கூன்முதுகுகள் ஒரு தனிக் குடும்பம். தெற்கே குளிர்க்கடலுக்குப் போகாமல் வருடம் முழுதும் இங்கேயே தங்குபவை. வேறு இனத்தார் வந்து கலப்பதில்லை. ஓமான் கரைக்கப்பால் செய்த மதிப்பீட்டில் அவை நூறுக்கும் குறைவு. பிரேசிலில் 25,000 இருப்பதால் இவற்றுக்கு என்ன?

இங்கேதான் என் சதவீதக் கணக்கு நொண்டுகிறது. தென் ஜோர்ஜியாவுக்கே திரும்பினால், வேட்டை நின்று பல பத்தாண்டுகள் அத்தீவைச் சுற்றி நீலத் திமிங்கிலம் தென்படுவதே அபூர்வம். 2018இல் தேடிப் போனவர்கள் கண்டது ஒன்றே ஒன்று. அந்தாட்டிக்கின் வேறு பாகங்களில் எஞ்சியவை இருந்தன. அங்கே கிறில் எனும் கூனியும் இருந்தது. பின் ஏன் வரவில்லை? தாய் குட்டியைக் கூட்டிச் சென்று காட்டும் வழி அது. அவ்வழி தெரிந்த அவ்வளவு பேரையும் கொன்றுவிட்டதால் வழியே மறந்துபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய இழப்பைச் சொல்லிக்காட்ட முடியாது. 2020இல் போனவர்கள் ஐம்பதுக்கு மேல் கண்டார்கள். யாரோ வழியை மறுபடி கண்டுபிடித்திருக்கவேண்டும். சந்தோசமான செய்திதான். ஆனால் பழையவை எதை எதை அறிந்திருந்தன என்பதற்கு இடாப்பு கிடையாது.

இன்னொரு திருத்தமும் சொல்லவேண்டும். தேறிவிட்டது என்ற சொல் ஒருமுறை எழுதி மூடிவைக்கும் சொல்லல்ல. பசுபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பக்கத்துச் சாம்பல் திமிங்கிலங்கள் 1994இல் அமெரிக்காவின் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2016இல் ஏறத்தாழ 27,000. 2025இன் மதிப்பீடு ஏறத்தாழ 13,000. யாரும் ஈட்டி எறியவில்லை. வடக்கே உருகும் பனியோடு அவற்றின் இரையும் மாறிவிட்டது.

என் ராத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனார்கள். பின்னர் 2006இலும் 2009இலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஊர் மூத்தம்மா ஒருவர், நல்ல மனதோடுதான், சொன்னார்: "ரெண்டு போச்சு, ரெண்டு வந்திட்டு மகள்." ராத்தா பதில் பேசவில்லை. 2012இல் குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர் வீட்டில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "நாலு" என்றார் ராத்தா. படிவத்தில் இருப்பவர்களைத்தான் எழுதவேண்டும் என்று அந்தப் பிள்ளை தயங்கிற்று. நான் ராத்தாவைத் திருத்தவில்லை. பிந்திப் பிறந்த இருவரும் யாருடைய இடத்தையும் நிரப்ப வந்தவர்களல்ல, அவர்களாகவே வந்தவர்கள். அவர்களை நிரப்பீடாகப் பார்ப்பது அவர்களுக்கும் அநியாயம். கூன்முதுகுகளுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் திமிங்கிலத்தையும் மனிதப் பிள்ளையையும் ஒப்பிடுகிறானே என்று சிலர் கோபிக்கலாம். நான் ஒப்பிடுவது பிள்ளைகளையல்ல, எண்ணும் பழக்கத்தை.

அப்படியென்றால் நம்மால் எதுவுமே ஆகாதா? ஆகும். மாத்தறைக்கும் மிரிஸ்ஸவுக்கும் தெற்கே நீலத் திமிங்கிலங்கள் மேயும் கடலுக்குள்ளேதான் உலகின் பெருங்கப்பல் பாதைகளுள் ஒன்று போகிறது. 2012இல் ஒரு கொள்கலன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தபோது அதன் முகப்பில் செத்த நீலத் திமிங்கிலம் ஒன்று வளைந்து தொங்கிற்று. கப்பலில் இருந்தவர்கள் கொலைகாரர்களல்ல. மோதியது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அந்தக் கப்பலில் வந்த பால்மாவை நானும் குடித்திருக்கலாம். 2022இல் எம்.எஸ்.சி. எனும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிப் போகச் செய்தது. சட்டம் கட்டாயப்படுத்தியல்ல. எரிபொருளும் நேரமும் கூடச் செலவாகும் காரியம். இங்கே கடலும் காலியாகவில்லை, பானையும் காலியாகவில்லை. தனக்குச் செலவாகும் இப்படியொரு விலகலைக் கண்டால் "மீட்டல்" என்ற பிறவினையை ஓரளவுக்குத் தாராளமாகவே கொடுக்க நான் தயார்.

2007இல் அலாஸ்காவில் இனுப்பியட் மக்கள் தம் உணவுக்காகப் பிடித்த ஒரு வில்தலைத் திமிங்கிலத்தின் உடம்பில் பழைய வெடியீட்டியின் துண்டு கிடைத்தது. 1880களை அண்டி நியூ பெட்போர்ட்டில் செய்யப்பட்ட வகை அது. அந்த உயிர் நூறு வருடத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு நீந்தியிருக்கிறது. நம் வேட்டை அவற்றுக்குச் சரித்திரமல்ல. அடிபட்டவையே இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

தவணைப் பரீட்சைக்கு அதே கணக்கை எண்களை மாற்றாமல் போட்டேன். அலகு எழுதாவிட்டால் அரைப் புள்ளி வெட்டுவது என் வழக்கம், பிள்ளைகளுக்கும் தெரியும். கடலுக்குப் போகும் பையன் 92.6% என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான். அந்த மகளின் தாளிலும் அதே விடை. அதற்குப் பக்கத்தில், அலகு எழுதும் இடத்தில், சிறிய எழுத்தில் "எண்ணிக்கையில்" என்று எழுதியிருந்தாள். இருவருக்கும் முழுப் புள்ளி போட்டேன்.